ஊட்னடாட்டா வழி வேண்டாம், பிள்ளை

அன்பு மகளுக்கு,

வாட்சப்பில் நீ அனுப்பிய வரைபடத்தை அம்மாவும் நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தோம். அடிலெய்டில் எங்கள் வீடு, அங்கிருந்து மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா, பிறகு பாலைக்கு நடுவே நிற்கிற அந்தப் பெரிய பாறை, உலுரு. சிவப்புக் கோடு நல்ல வடிவாகத்தான் வளைந்து போகிறது. கீழே, "அப்பா, சின்ன வயசில நாங்கள் போன அதே றோட்டு" என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் கோல் எடுக்காமல் எழுத இருந்தேன். போனில் என்றால் நீ சிரித்துக்கொண்டே கதையை மாற்றிவிடுவாய்.

நேரே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில், இரண்டு பிள்ளைகளோடு, ஒற்றை வாகனத்தில் ஊட்னடாட்டாவால் போகிற அந்தத் தார் இல்லாத தடத்தால் போகாதே. உலுருவுக்குப் போ, நல்லாப் போ. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையால், தார் றோட்டால் போ.

ஏன் என்று கேட்பாய். 1996 ஜனவரியில் உனக்கு ஆறு வயது. தோடம்பழம் சூப்பியது, காலில் போட்டிருந்த ஈரத் துவாய், ரோஸ் நிறக் கடை எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். நடுவில் நாலு மணித்தியாலம் மட்டும் உன் கணக்கில் இல்லை. அப்போது நீ பாதி நித்திரை.

வில்லியம் கிரீக்கை விட்டுக் கொஞ்ச நேரத்தில் முதல் ரயர் வெடித்தது. மாற்றினேன். அரை மணித்தியாலம் ஓடியிருக்க மாட்டேன், பின் பக்கம் இன்னொன்று. பக்கச் சுவர் விரல் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. என்னிடம் உதிரி ஒன்றுதான். பிழை றோட்டில் இல்லை. பட்டணத்துக் காற்றழுத்தத்தோடு, சரளைக் கல்லுக்கு மேலே தொண்ணூறில் ஓடினவன் நான். காற்றையும் குறைக்க வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும் என்று ஆரும் எனக்குச் சொல்லவில்லை. நான் ஆரிடமும் கேட்கவுமில்லை.

தண்ணீர் பத்து லீற்றர் கானில் பாதிக்குக் குறைவு. அம்மா தன் பழைய சேலை ஒன்றைக் கதவில் இருந்து இழுத்துக் கட்டி, உன்னை அதற்குக் கீழே கிடத்தினா. நான் போத்தல் மூடியால் அளந்து உனக்குத் தண்ணீர் தந்தேன். அதுவும் பிழை என்று பிறகுதான் அறிந்தேன். தாகம் வரும்போது குடித்துவிட வேண்டும், மிச்சம் பிடிக்க வேண்டியது வேர்வையைத்தான். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "நான் நடந்து போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்று எழும்பினேன். அம்மா தலை நிமிரவில்லை. "நீங்கள் நடந்தால் பிறகு ஆர் ஆரைத் தேடுறது? இருங்கோ" என்றா. இருந்தேன்.

1963 டிசம்பரில், மரீயில் தொடங்கும் மற்றத் தடமான பேர்ட்ஸ்வில் தடத்தில், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வழி தவறி, பெற்றோலும் தீர்ந்து, வாகனத்தை விட்டு நடந்து போய், தாகத்தில் செத்துப்போனது. இந்தக் கதை அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாமலே அம்மா சரியாகச் சொன்னா. பழுதாகி நிற்கிற வாகனம் தூரத்தில் இருந்து, விமானத்தில் இருந்தும்கூடத் தெரியும். நடந்து போகிற மனிசன் தெரிய மாட்டான்.

பின்னேரம் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் தன் யூட்டில், பின்பக்கம் திறந்த சின்ன லொறியில், வந்தார். எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஊட்னடாட்டாவில் விட்டார். வழியில் அவர் பேசியது ஒரே ஒரு வசனம். இந்த மாதத்தில் இந்தப் பக்கம் தினமும் வருவதில்லை என்றார்.

அந்த ஊட்னடாட்டாவில்தான் 1960 ஜனவரி 2ஆம் திகதி 50.7 பாகை வெயில் பதிவானது. 2022இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒன்ஸ்லோவில் அதே அளவு வந்தது, அதைத் தாண்டவில்லை. உன் திட்டத்தில் ஜனவரி 4ஆம் திகதி மதியச் சாப்பாடு எங்கே என்று நீயே பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தில் உலுருவைப் பார்த்ததாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். பார்க்கவில்லை, பிள்ளை. ஊட்னடாட்டாவில் அந்த ரோஸ் நிறக் கடையில் பழைய ரயர் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மார்லாவில் தார் றோட்டில் ஏறி, தெற்கே திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ கண்டது அம்மா அந்தக் கடையில் வாங்கித் தந்த போஸ்ட் காட். வீடு வந்து சேரும்வரை அதைக் கையில் வைத்திருந்தாய். இத்தனை வருடமாக நான் திருத்தவில்லை. எனக்கும் அந்தக் கதைதான் வசதியாக இருந்தது.

இனி உன் பயணத்துக்கு வருவோம்.

வாகனம் நாலு சில்லும் இழுக்கும் என்று மருமகன் சொல்லுவார். உண்மைதான், ஆனால் ரயருக்கு அது தெரியாது. மரீயில் இருந்து மார்லா வரை அறுநூறு கிலோமீற்றருக்கு மேலே, தார் இல்லாத பாதை. இடையில் பெற்றோல் கிடைக்கிற ஊர் இரண்டுதான், ஒவ்வொரு துண்டும் இருநூறு கிலோமீற்றர். ஒரு மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள், மூடிய பாதையில் ஓடினால் தண்டம். சிம்சன் பாலைவனம் பற்றியும் அவர் ஏதோ கேட்டதாகச் சொன்னாய். அங்கே இருக்கிற தேசியப் பூங்காவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காகவே பூட்டிவிடுவார்கள், ஆகவே அந்தப் பேச்சை விடு.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையால் இப்படிப் போ. முதல் நாள் எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு, போர்ட் ஒகஸ்டா வரை மட்டும், 310 கிலோமீற்றர். அங்கே படுத்து எழும்பி, நன்றாக வெளித்த பிறகு வெளிக்கிடு. வெயிலுக்குப் பயந்து விடிய முதல் ஓடினால் கங்காரு குறுக்கே பாயும், பொழுது பட்ட பிறகும் அப்படித்தான். அடுத்தது கூபர் பீடி, 540 கிலோமீற்றர். பிம்பாவில் தாங்கியை நிரப்பிக்கொள். கிளெண்டம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை 250 கிலோமீற்றருக்கு ஒன்றும் இல்லை. மதியம் போல சேர்ந்துவிடுவாய். அங்கே நிலத்துக்குக் கீழே குடைந்த விடுதி ஒன்றில் அறை எடு. 1915இல் ஒரு பதினாலு வயதுப் பொடியன் ஓப்பல் கல்லைக் கண்டதால் உண்டான ஊர் அது. வெளியே 45 பாகை கொதித்தாலும் உள்ளே 23, 24தான். ஏசி தேவையில்லை, பிள்ளைகள் நல்லா நித்திரை கொள்வார்கள்.

அடுத்த நாள்தான் நீளம். மார்லா, குல்கேரா, எர்ல்டண்டா, பிறகு மேற்கே திரும்பி, உலுருவுக்குப் பக்கத்தில் விடுதிகள் இருக்கிற யுலாரா, எல்லாம் சேர்த்து 735 கிலோமீற்றர். ஒரு நல்ல காரியம் என்னவென்றால், வட பிராந்தியத்தில் கோடைக்காக மணிக்கூட்டை மாற்றுவதில்லை, எல்லை தாண்டியதும் ஒரு மணித்தியாலம் மிச்சம். அதை எர்ல்டண்டாவில் தேத்தண்ணி குடித்துச் செலவழி. றோட் ட்ரெயின்கள், பல பெட்டிகளை இழுக்கிற லொறிகள், வரும், ஒன்று 53.5 மீற்றர் நீளம் வரை இருக்கும். முந்துவதென்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் றோட்டாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பின்னாலேயே போ, ஆரும் உன்னைக் கலைக்கவில்லை. சில இடங்களில் பம்பில் சாதாரண பெற்றோலுக்குப் பதிலாக "லோ அரோமாட்டிக்" அல்லது "ஓப்பல்" என்று எழுதியிருக்கும். பயப்படாதே, அதுவும் பெற்றோல்தான். முகர்ந்து வெறிக்க முடியாதபடி செய்தது, வாகனத்துக்கு ஒன்றும் ஆகாது.

உலுருவில் ஏறுவதை 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்திவிட்டார்கள். 1985இல் அந்த நிலத்தை அதன் ஆதிக்குடிகளான அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுத்ததும் அதே திகதிதான். அடியைச் சுற்றி நடக்கப் பத்துக் கிலோமீற்றர். சூரியன் எழும்பும்போதே தொடங்கி, பதினொன்றுக்கு முன்னம் அறைக்குத் திரும்பிவிடு. சின்னவன் முழுச் சுற்றும் நடக்க மாட்டான், பாதியோடு விடு. முகத்துக்கு வலை வாங்கு, இல்லாவிட்டால் இலையான் வாய்க்குள்ளேயே போகும்.

தார் றோட்டு என்றால் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2022 ஜனவரியில் மழை வெள்ளம் அந்த நெடுஞ்சாலையையே அறுத்துவிட்டது. கூபர் பீடிக்கு விமானப் படை சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோய் இறக்கினது. ஆகவே லீவில் இரண்டு நாள் சும்மா விடு, ஆளுக்கு நாளைக்குப் பத்து லீற்றர் தண்ணீர் என்று கணக்குப் போடு, தேசிக்காயும் உப்பும் எடுத்து வை. வெளிக்கிடும் அன்று காலையில் றோட்டு நிலவரம் பார். மூடியிருந்தால் போர்ட் ஒகஸ்டாவில் இருந்தே திரும்பி வா. கட்டின காசு போனால் போகட்டும், நான் தருகிறேன்.

அந்தப் பழைய தடத்தில்தான் உனக்கு ஆசை என்றால், ஜூலை விடுமுறையில் போவோம், நானும் வருகிறேன். உண்மையில் அது நல்ல பாதை. பாலைக்கு நடுவே நிலத்துக்குள் இருந்து தண்ணீர் கொப்பளிக்கிற ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. ஆதிக்குடிகள் பண்டம் மாற்ற நடந்தது, 1872இல் முடிந்த தந்திக் கம்பி, 1980 வரை ஓடின, "த கான்" என்று பெயர் கொண்ட பழைய ரயில், எல்லாம் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே போனது. மரீயில், அந்தக் காலத்தில் ஒட்டகத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு போன ஒட்டகக்காரரின் பள்ளிவாசலைப் போல ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் துணைக்கண்டத்தில் இருந்து, பெஷாவர், பலுசிஸ்தான் பக்கத்தில் இருந்து வந்த ஆட்கள் அவர்களில் நிறைய. இந்த முறை இரண்டு உதிரி ரயர் கொண்டு போவோம். காற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருபது லீற்றர் கான் நாலு வாங்கி, கழுவி, கராஜில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்தப் போஸ்ட் காட்டும் அல்பத்தில் கிடக்கிறது, ஒரு மூலையில் தோடம்பழக் கறை. வரும்போது எடுத்துக்கொண்டு போ. மெல்பேர்னில் இருந்து எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று சொல். புட்டா இடியப்பமா என்று அம்மா கேட்கிறா.

அப்பா