வீட்டுப் போனில் இங்கிலீஷ் வாசிப்பு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் தினமும் போனில் இங்கிலீஷ் வாசித்துப் பழகட்டும் என்று சொல்லி அனுப்பியதும், "போனைத் தொடாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயம்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போவதாக இருந்தால் இது வேண்டாம்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். முப்பது பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் வாய்விட்டு வாசிக்கக் கிடைப்பதே அபூர்வம். பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுகிறார்கள். வாசி என்றால் வாய் திறப்பதில்லை. அந்தக் குறைக்குத்தான் போன்.

நாங்கள் சொல்லும் செயலி கூகுளின் 'ரீட் அலாங்'. காசு கிடையாது. திரையில் வரும் கதையைப் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். தியா என்ற பொம்மைப் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள், தடுமாறினால் சொல்லிக் கொடுப்பாள். கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் தேவையில்லை. சொல்லின் மேல் விரலை வைத்தால் அதுவே வாசித்துக் காட்டும். கேட்டுவிட்டுத் திருப்பிச் சொன்னால் நல்லது. ஆனால் நாலாம் வகுப்பில் ஒருவன், சொல் சொல்லாகத் தட்டிக்கொண்டே பக்கத்தின் கடைசிவரை போய்விட்டான். கெட்டிக்காரன்தான், வாசித்ததென்னவோ தியா!

அதனால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிறேன். உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. வாய் அசைகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்தால் போதும். அப்பத்தா உட்கார்ந்தாலும் சரி. டிவியை அணைத்துவிடுங்கள், அந்தச் சத்தத்தில் பிள்ளையின் குரல் போனுக்குச் சரியாகக் கேட்காது. கால் மணி நேரம் ஆனதும் போனை வாங்கிவிடுங்கள்.

விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து போன் ஓயாது, அன்றைக்கு விட்டுவிடலாம்.

இதற்காகக் கடன்பட்டுப் புதுப் போன் வாங்காதீர்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் மதிய இடைவேளையில் பள்ளி டேப்லெட்டில் வாசிப்பார்கள். மாதச் சந்தா கட்டச் சொல்லி யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களை நாங்கள் அனுப்பவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். செயலியை ஏற்றி, கதைகளையும் இறக்கித் தருகிறோம். போனில் இடமில்லை என்றால், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருக்கும் குட்மார்னிங் படங்களை அழித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
திருப்பரங்குன்றம் ஒன்றியம், மதுரை மாவட்டம்.