அப்பத்தாவ ஒக்கார வெச்சுராத அம்மிணி

அம்மிணிக்கு,

ஞாயித்துக்கெழம போன்ல நீ சத்தம் போட்டப்பவே பதில் சொல்லிருப்பேன், அப்பத்தா பக்கத்துலயே ஒக்காந்திருந்துச்சு, அதான் எழுதறேன். எண்பது வயசுல கட்டுத்தரைக்கு என்னத்துக்கு அனுப்பறீங்க, ஆள் வெச்சுக்கங்க நான் பணம் அனுப்பறேன், அது கட்டில்ல ரெஸ்ட் எடுக்கட்டும்ங்கறே. பாசத்துலதான் சொல்றே. ஆனா அந்த ரெஸ்ட்டுதான் கண்ணு அதுக்கு ஆகாது. போன ஆடியில காய்ச்சல்ல படுத்துச்சே, காய்ச்சல் ரெண்டு மூணு நாள்ல போயிருச்சு, படுத்தே கெடந்ததுல தொடைச் சதை கரைஞ்சு எந்திரிக்கறதுக்கே ஆள் புடிக்க வேண்டியதாப் போச்சு. அந்த வயசுல சதை போறது வெசையா போயிரும், திரும்ப வர்றதுக்குத்தான் நாளாகும்.

அப்ப இருந்து பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர், அதான் வலி வேதனையக் கொறைச்சுப் பாத்துக்கற நர்ஸ், வீட்டுக்கே வருது, கூட ஊர்ல சுகாதார வேலை பாக்கற ஆஷா பொண்ணும். பாலியேட்டிவ்னா கேன்சர்காரங்களுக்குத்தானேன்னு உங்கம்மா பயந்துட்டா, அப்பிடியெல்லாம் இல்ல, படுக்கையில விழுந்த யாருக்கும் வருவாங்க, 2008-லயே கேரளா இதுக்குன்னு கொள்கை போட்டுருச்சு, நாட்லயே மொதல்ல. அந்த சிஸ்டர் புள்ள, அப்பத்தா படுத்திருக்கறப்ப பிரஷர் பாத்துச்சு, அப்பறம் நிக்க வெச்சுத் திரும்பப் பாத்தா சட்டுனு எறங்கிருச்சு. ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா தல சுத்துதுன்னு சொல்லிட்டிருந்ததெல்லாம் அதானாம். பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரியில காட்டி மாத்திரைய மாத்தியாச்சு. இப்ப கட்டில் வெளும்புல காலத் தொங்கப்போட்டு, பாதத்தக் கொஞ்சம் ஆட்டிட்டுத்தான் எந்திரிக்குது. பாத்ரூம் செவுத்துல கம்பி, வழியில ஜீரோ வாட்ஸ் பல்பு. வழுக்கற மிதியடியத் தூக்கி எறிஞ்சாச்சு.

காலைல சேர்ல கையூனாம எந்திரிச்சு ஒக்காருது, ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு குதிகாலத் தூக்குது. 65 வயசு ஆனவங்க வாரத்துக்கு 150 நிமிசமாச்சும் நடமாடணும், மூணு நாளாச்சும் பேலன்ஸும் பலமும் வர்ற பயிற்சி பண்ணணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்பத்தாகிட்டச் சொன்னா சிரிக்குது. அதுக்கு எருமைக்குத் தண்ணி காட்டிட்டு, வழியில நிக்கறவங்ககிட்ட நாயம் பேசிட்டு வர்றதுதான் எக்சர்சைஸ். அதப் போயி நிறுத்தச் சொல்றியே.

தண்ணி விஷயத்துலதான் எனக்கும் அதுக்கும் சண்ட. வயசாக ஆகத் தாகமே சரியாத் தெரியாது, அதோட ராத்திரி எந்திரிக்கணுமேன்னு சாயங்காலத்துலருந்து வாயே நனைக்கறதில்ல. பொழுது எறங்கறதுக்குள்ள மோரு கீருன்னு குடுத்தர்றோம். கஞ்சியும் ஊறுகாயும் போதும்ங்கும், உங்கம்மா விடாம முட்டையும் கொள்ளுப் பருப்பும் வெக்கறா.

இன்னொண்ணு. நீ பேசறப்ப "செரி சாமி, செரி சாமி"ன்னு தலையாட்டுதே, பாதி காதுலயே விழறதில்ல. காது கேக்காததக் கவனிக்காம விட்டா பின்னால மறதி நோய் வர்ற வாய்ப்பு கூடும்னு லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட கமிஷனே சொல்லிருக்கு. மெஷினுக்குப் பாலக்காடு கூட்டிட்டுப் போறேன், ஆளுக்கு அனுப்பறேன்னியே அந்தப் பணத்த இதுக்கு அனுப்பு. வீடியோ கால்ல கத்தாத, மூஞ்சி வெளிச்சத்துல தெரியற மாதிரி ஒக்காந்து மெதுவாப் பேசு.

ஓணத்துக்கு வர்றப்ப புரோட்டீன் பவுடர் டப்பா வேண்டாம், போன தடவ வாங்கியாந்ததே பிரிக்காம கெடக்குது. பின்னால பட்டி வெச்ச, வழுக்காத செருப்பா ஒண்ணு வாங்கியா, சைஸ் ஆறு. கறுப்பு மட்டும் வேண்டாம்னு அப்பத்தா சொல்லச் சொல்லுச்சு.

அப்பா