பில்லில் உள்ள இரண்டு கூட்டல் குறிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் உணவக மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் (++) இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் தனி என்று அர்த்தம். சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகே வரி கணக்கிடப்படும். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் முதலில் 110. கடைசியில் 119 வெள்ளி 90 காசு. வெறும் 119 என்று மனக்கணக்குப் போடுபவர்கள்தான் கல்லாவில் வாக்குவாதம் செய்கிறார்கள்.

சேவைக் கட்டணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை. அது உணவகத்தின் வருமானம். பரிமாறியவர் கைக்கு முழுதாகப் போகும் என்று நினைக்க வேண்டாம். வாழையிலையில் ரசமும் அப்பளமும் அலுக்காமல் கொண்டுவந்து வைத்த தம்பிக்கு ஏதாவது தர விரும்பினால் ரொக்கமாக அவரிடமே கொடுங்கள். மனமுவந்து தரும் டிப்ஸுக்குப் பொருள், சேவை வரி கிடையாது. தராவிட்டாலும் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

கியூஆர் குறியீட்டை வருடி நாமே ஆர்டர் செய்து, தண்ணீரையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டிய கடை 10 விழுக்காடு கேட்பது நியாயமாகப் படவில்லை. சில உணவகங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் வேர்க்கடலை, ஈரத் துண்டுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

- வாசகர், ஈசூன்