தூண்டில் போடப் போகும் மகனுக்கு

கல்லடி, மட்டக்களப்பு,
ஞாயிறு காலை

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாவி நிறைந்து கிடக்கிறது, கடலுக்குத் தண்ணீர் போக முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய காசில் கிணற்றடிக் கூரைக்குத் தகரம் மாற்றியாயிற்று. மிச்சத்தை அம்மா தொடவில்லை, அவளுடைய குணம் உனக்குத் தெரியும். அந்தச் சம்பந்தம் பற்றி இனி யாரும் உன்னிடம் கேட்கமாட்டார்கள், சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் இருந்த சுவர் மூலையைப் பார்த்தேன். தூண்டில் தடி இரண்டும் எப்போதும் அங்கேதான் சாய்ந்திருக்கும். ஒன்றையும் காணவில்லை. போனும் புது நம்பர். பழையது ஆற்றில் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாய். போன் விழுந்தால் நம்பர் ஏன் மாறவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ சொன்னபடிதான் நடந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் தூண்டில் போடுவதைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லச் சில விஷயம் இருக்கிறது. கோபிக்காமல் வாசி.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்திருந்தபோது ஓல்ட் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அந்த இடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஹம்பர் ஆற்றின் சிறு அணைக்கட்டில் ஒரு கை நீளச் சல்மன் மீன்கள் விழுந்து விழுந்து துள்ளின. சிறுபிள்ளைகள் கை தட்டினார்கள். மேலே பாலத்தில் ரயில் போய்க்கொண்டே இருந்தது. அப்போதே ஒன்றைக் கவனித்தேன், உன்னிடம் சொல்லவில்லை. ரயிலில் அத்தனை சனம் போகிறது, கீழே ஆற்றங்கரையில் நிற்கிறவனை ஒருவரும் பார்ப்பதில்லை. பெரிய நகரத்துக்கு நடுவில்தான் ஆறு ஓடுகிறது, ஆனால் பள்ளத்தில் ஓடுகிறது. தெரு மேலே, நீ கீழே. கத்தினால் மேலே கேட்காது.

அந்தப் பள்ளங்களில் ஏன் வீடே இல்லை என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 1954 அக்டோபரில் ஹேசல் புயல் வந்த இரவு ஹம்பர் பெருகி, ரேமோர் டிரைவ் என்ற தெருவில் வீடுகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஒன்ராறியோவில் 81 பேர் செத்துப்போனார்கள். மறுகா, ஆற்றுப் பள்ளத்தில் யாரும் குடியிருக்க வேண்டாம் என்று காணிகளை எடுத்துப் பூங்காவாக விட்டிருக்கிறார்கள். 1978 சூறாவளியில் கூரை போன வீட்டில் இருந்தவன் நான், எனக்கு அது நன்றாக விளங்குகிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஆள் இல்லாத இடம் ஆள் இல்லாத இடம்தானே மனே. மழை பெய்த மறுநாள் அந்தத் தண்ணீரை நம்பாதே. நகரத்துத் தார் றோட்டில் விழுகிற மழை முழுக்க அங்கேதான் வந்து சேரும், எங்கள் வாவி மாதிரி மெல்ல மெல்ல ஏறாது. அந்த ரப்பர் காற்சட்டை போட்டு இறங்கினால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டு. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும்.

தண்ணீரை நீ சமாளிப்பாய். அப்பப்பாவின் பேரன் நீ. எனக்குப் பயம் மனிதரைப் பற்றி.

இப்போது சல்மன் காலம் முடிந்து ஸ்டீல்ஹெட் மீன் ஆற்றில் ஏறும் காலம் என்று சொன்னாய். ஓல்ட் மில்லில் ஆட்கள் கூட, அதனால் இன்னும் மேலே யாரும் வராத வளைவுக்குப் போகிறேன் என்றும் நீயே சொன்னாய். போன வருடம் நீ பிடித்து விட்ட பெரிய மீனின் படத்தை நான் கல்லடிச் சந்தியில் காட்டாத ஆள் இல்லை. என் மகன் ஆற்றைப் படிக்கத் தெரிந்தவன் என்று சொன்னேன், அது உண்மை. ஆனால் ஆற்றைப் படிக்கிறவன் முதுகுக்குப் பின்னால் பார்ப்பதில்லை. தூண்டில்காரன் எப்போதும் தண்ணீரைப் பார்த்து நிற்பான், நடைபாதை பின்னால் இருக்கும். அணைக்கட்டுக்குக் கீழே நின்றால் தண்ணீர் இரைச்சலில் காலடிச் சத்தமும் கேட்காது. அதற்குள் காதில் பாட்டுக் கருவி வேறு. அதை முதலில் கழற்று. பக்கவாட்டாக நில், அல்லது முதுகுக்கு ஒரு பெரிய மரத்தை வைத்துக்கொள்.

நவம்பர் பிறந்து மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினால் அங்கே ஐந்து மணிக்கே இருட்டுகிறது. நெற்றி லைட்டைப் போட்டுக்கொண்டு முடிச்சுப் போடும்போது உனக்கு உன் விரல் மட்டும்தான் தெரியும், உன்னை எல்லோருக்கும் தெரியும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே மேலே ஏறிவிடு. கடைசி மீன் என்று ஒன்று இல்லை. ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. பழைய கல்லடிப் பாலத்தில் நாங்கள் தூண்டில் போட்ட காலத்தில் ஒருவர் எழும்பினால் மற்றவரிடம் “போவோமா” என்று கேட்காமல் போகமாட்டார். தனியாக ஒருவரை விட்டுவிட்டு வருகிற வழக்கம் இல்லை. உனக்கு அங்கே அப்படி ஒரு ஆளாவது இருக்கிறதா? ஸ்காபரோவில் இத்தனை எங்கட சனம் இருக்கிறது, ஒரு தூண்டில்காரனும் அகப்படவில்லையா?

ஒரு தடி, ஒரு பை, அவ்வளவுதான் கொண்டு போ. ஒரு நிமிடத்தில் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடியதாக இருக்கவேண்டும். கார்ச் சாவி பையில் வேண்டாம், உடம்பில் வை. போனும் அப்படித்தான், சட்டைக்குள். அவசரத்துக்கு 911 அடித்தால் எங்கே நிற்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார்களாம். ஆற்றங்கரை என்று சொல்லி என்ன பயன்? நீ இறங்கிய வாசல் எந்தத் தெருவில், பக்கத்துப் பாலம் எது என்று இறங்கும்போதே மனதில் வைத்துக்கொள். ஒரே ஆள் இரண்டாம் முறை உன்னைக் கடந்து போனால், அவன் நல்லவனா கெட்டவனா என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, சுருட்டிக்கொண்டு ஏறு. நல்லவனாக இருந்தால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை.

யாராவது கேட்டால் கொடுத்துவிடு. தடி, போன், பணப்பை, எல்லாவற்றையும். மீன் அறுக்கிற கத்தி இருக்கிறது என்று நினைக்காதே, அது அடுத்தவன் கைக்குப் போக நேரம் ஆகாது. சாமான் போனதற்கு இந்த வீட்டில் யாரும் உன்னை ஒன்றும் சொல்லமாட்டோம்.

இந்த வரியை எழுதிவிட்டு நெடுநேரம் பேனையை வைத்துவிட்டு இருந்தேன். சொன்னவன் நான்தானே.

2003இல் உனக்குப் பதினான்கு வயது. நாவலடிப் பக்கம் வாவிக்கரைக்குத் தூண்டிலோடு போனவன், இருட்டி நெடுநேரத்துக்குப் பிறகு தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்தாய். பச்சை சைக்கிள் இல்லை, தடி இல்லை, ஒரு செருப்பும் இல்லை. உனக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சைக்கிள் எங்கே என்று கேட்டேன். நீ வாய் திறக்கவில்லை, நான் வாரைக் கழற்றி அடித்தேன். அம்மா குறுக்கே வந்தும் நிறுத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து உன் கூட்டாளியின் அப்பா கடையில் வைத்துச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து உன் பெயரைக் கேட்டு ஏறச் சொன்னதும், நீ தண்ணீரில் குதித்துக் கண்டல் பற்றைக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருட்டும்வரை நின்றதும். முதலை இருக்கிற வாவி என்று தெரிந்த பிள்ளை நீ. அந்தத் தண்ணீரைவிட வீட்டுக்கு வரத்தான் பயந்திருப்பாய் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

தெரிந்த பிறகும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தது அதற்காகத்தான். நீ அதை ஓட்டவில்லை. சுனாமி கொண்டுபோகும்வரை அது திண்ணையில்தான் நின்றது. பயந்தது எதையும் நீ என்னிடம் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான் தொடங்கியது. நான் செய்தது பிழை மகன். இருபது வருடம் அதைச் சொல்லாமல் இருந்ததும் என் பிழை.

இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை பயணப்படும் மாமா மகளிடம் கொடுத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மா வாசிப்பாள். சைக்கிள் விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தது பாதிதான்.

இனி ஆற்றுக்குப் போகிற நாளில் எந்தப் பார்க், எந்த வாசல், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எனக்குப் போடு. உனக்கு மாலை ஐந்து என்றால் எங்களுக்கு விடியப்புறம் மூன்றரை. அந்த நேரத்துக்கு நான் எழும்பிவிடுவேன். காரில் ஏறியதும் ஒரு எழுத்துப் போட்டாலும் போதும்.

கூரைக் காசின் மிச்சத்தையும் மாமா மகளிடம் கொடுத்துவிடுகிறேன். அதில் ஒரு தடி வாங்கு. உன் காசுதான், இருந்தாலும் இந்தத் தடி அப்பா வாங்கித் தந்ததாக இருக்கட்டும்.

அப்பா