ஓமோன் கொதித்தால் சாகாது, ஐயா

கொழும்புக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பிலுள்ள பெரியோர்களுக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது மடல். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது, சிங்களத்தில் மட்டும். பக்கத்து வீட்டு ஐயாதான் வாசித்துச் சொன்னார்: "தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின் அருந்தவும்."

நான் கிருமியைப் பற்றிக் கேட்கவில்லை. கருத்தடை மாத்திரையில் இருக்கும் எதினைல் எஸ்திரடையோல் போன்ற ஓமோன்கள், எங்களுக்குக் குடிநீர் தரும் களனி கங்கையில் எவ்வளவு கலந்திருக்கின்றன, அம்பத்தலையில் சுத்திகரித்த பிறகு எங்கள் குழாயில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றே கேட்டேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். கொதிக்கும் நீரில் கிருமி சாகும். ஓமோன் அப்படியே இருக்கும். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவும் செய்யும்.

என் மகளுக்கு இது ஏழாம் மாதம். எங்கள் வீடு மூன்றாம் மாடியில்; மின்தூக்கி கிடையாது. 19 லீற்றர் போத்தலைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான்தான் படியேறுகிறேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கி வைப்பேன். அந்த இடத்தில் சீமெந்தில் வட்டமாக ஓர் ஈரத்தடம் காயாமலே கிடக்கிறது. அந்தப் போத்தல் நீரைச் சோதித்த அறிக்கை உண்டா என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்.

பதற்றத்தில் எழுதவில்லை. கனடாவின் ஒன்ராறியோவில், 2001 முதல் மூன்று கோடைகள், ஆய்வுக்கென்றே ஓர் ஏரியில் இந்த ஓமோனைக் கலந்தார்கள். லீற்றருக்கு வெறும் 5, 6 நனோகிராம்; ஒரு நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண் மீன்களின் விரைகளில் முட்டைகள் தோன்றின. ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. மனிதருக்கும் அதேதான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அளந்து பாருங்கள் என்கிறேன். ஏற்கெனவே அளந்திருந்தால் முடிவைக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015இலேயே இந்த ஓமோனைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. செயலூட்டிய கரி, ஓசோன் என்று நீக்கும் வழிகளும் இருக்கின்றன.

பணமில்லை என்பீர்கள். இருக்கலாம். ஆனால் மாதப் பில் மட்டும் ஒரு நாள் பிந்தாமல், மூன்று மொழியிலும் வந்து சேருகிறதே! தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியது பில்லுக்கு மட்டும்தானா?

மன்னிக்கவும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆற்று நீரையும் குழாய் நீரையும் ஓமோனுக்காகச் சோதித்து, முடிவை வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் சிரமம் இராது.

இப்படிக்கு,
மட்டக்குளியிலிருந்து ஒரு பாவனையாளர்