சாலையோரத்தில் காயும் பாதாள சாக்கடைக் குழாய்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதாள சாக்கடை போட்ட சாலை உள்வாங்கியது, மேன்ஹோல் பொங்கி வீதியில் கழிவுநீர் ஓடுகிறது என்று டெல்டா ஊர்களிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. ஒப்பந்ததாரரையும் நகராட்சியையும் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் குழாய் லாரியிலிருந்து இறங்கிய நாள் முதல் குழிக்குள் போகும் நாள் வரை எங்கே, எப்படிக் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர்களின் தரை மட்டமானது. 200 மி.மீ. குழாய்க்கு 250-க்கு 1 என்று வாட்டம் (சரிவு) வைத்தால், 30 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே கிடைக்கும் மொத்த இறக்கம் 12 செ.மீ.தான். மேடு பள்ளமான ஊர்களில் தரையே சரிந்து உதவும். இங்கே வாட்டத்தைக் கூட்டினால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் ஊற்று கிளம்பும். அதனால் 3 செ.மீ. வளைந்த ஒரே ஒரு குழாய் அந்த இறக்கத்தில் கால் பங்கை விழுங்கிவிடும். வளைவு தொங்கிய இடத்தில் தண்ணீர் நின்று, மணலும் எண்ணெய்க் கசடும் படிந்து, ஒன்றிரண்டு வருடத்தில் அடைப்பாகும்.

குழாய் வளைவது தொழிற்சாலையில் அல்ல. ஜல்லிக் குவியல் மேலும் சாக்கடைத் திண்டு மேலும் குறுக்கே போட்டு, மேலே இன்னும் நாலு அடுக்கு ஏற்றி, சித்திரை வெயிலில் விட்டால் பி.வி.சி. குழாய் அடியில் இருப்பதன் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டாலே அந்தப் பக்கம் நீண்டு வில்லாகிவிடும். சமதளத்தில், 75 மி.மீ. அகலத்துக்குக் குறையாத தட்டைக் கட்டைகளை 2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வைத்து, அதன் மேல்தான் அடுக்க வேண்டும். பெரிய விட்டம் அடியில், சிறியது மேலே. அடுக்கின் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு வரிசையின் சாக்கெட் (அடுத்த குழாய் நுழையும் அகன்ற வாய்) கிழக்கே என்றால் அடுத்த வரிசையின் சாக்கெட் மேற்கே, அதுவும் அடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு பாரமும் சாக்கெட் மேல் விழுந்து, வட்டம் நசுங்கி, இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் ரிங் ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் தளர்ந்தும் போகும்.

நிழலுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். காற்றுப் புகாத தார்ப்பாய்க்குள் வெக்கை ஏறி, வெயிலில் கிடப்பதைவிடச் சில நேரம் மோசமாகும். இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கீற்றுப் பந்தல் போதும். நான்கு பக்கமும் காற்று ஓடும், செலவும் குறைவு.

குழாயைவிட அதிகம் கெடுவது ரப்பர் ரிங். விலை குறைவு என்பதாலேயே அதற்கு மதிப்பில்லை. கம்பியில் கோத்து வேப்பமரத்தில் தொங்கவிடுவது, தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் கொட்டி வைப்பது எல்லாம் நாள்தோறும் நடப்பவை. வெயிலில் ரப்பர் வெடிப்பு விடும், டீசல் பட்டால் ஊதிப் போகும். ரிங்கை அது வந்த பையிலேயே, வெளிச்சமும் சூடும் படாத அறையில், முறுக்காமல் படுக்க வைக்க வேண்டும். பொருத்தும்போது பள்ளத்தில் ஒரு மணல் துகளும் இருக்கக் கூடாது. குழாய் எளிதில் நுழைய கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவுகிறார்கள். சோப்புக் கரைசல் மட்டுமே போதும். எண்ணெய் இன்று வழுக்கும், பிறகு ரப்பரை இளக்கிவிடும். ரிங் போட்டார்களா என்று கண்காணிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்று 12 குழாய் பொருத்தினால் கையிருப்பில் 12 ரிங் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் ஏதோ ஒரு இணைப்பு ரிங் இல்லாமல் மண்ணுக்குள் போய்விட்டது என்று பொருள்.

ரிங் பழுதானால் கழிவுநீர் வெளியே கசியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் பகுதியில் தலைகீழ். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நிலத்தடி நீர் மேலே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்க்கும் மேலே நிற்கும். பழுதான இணைப்பு வழியே வெளித்தண்ணீர் உள்ளே புகும். கூடவே பொடி மணலையும் வண்டலையும் இழுத்து வரும். குழாயைச் சுற்றி மண் கரைந்து பொந்தாகி, ஒரு நாள் பேருந்துச் சக்கரத்துக்கு அடியில் சாலை இறங்கும். நீரேற்று நிலையத்தின் மோட்டார்களும் இந்த ஊற்றுத் தண்ணீரைச் சேர்த்தே இறைக்க வேண்டியிருக்கிறது.

வெயிலில் சுட்ட குழாயை நண்பகலில் பொருத்துவதும் தவறு. 6 மீட்டர் பி.வி.சி. குழாய் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். மண்ணுக்குள் ஆறியதும் அவ்வளவும் சுருங்கும். அரைகுறையாக நுழைத்த இணைப்பு அப்போது விட்டுக்கொடுக்கும். நுழைவு ஆழத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு காலையிலோ மாலையிலோ பொருத்தலாம். சாக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே அப்படி வைத்தால், குறுகலான தெருவில் 6 மீட்டர் குழாயைத் திருப்பும் கூத்து மிச்சமாகும்.

ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயில் வேறு கதை. இறக்கியதும் ஒவ்வொன்றையும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். மணிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஒலி வந்தால் உள்ளே விரிசல். சிமென்ட் குழாயில் 300 மி.மீ. என்.பி.3 (ஒரு தர வகை) ஒன்று கால் டன்னுக்குக் குறையாது. உள்ளே கொக்கி மாட்டித் தூக்காமல் வெளியே இரண்டு இடத்தில் பட்டை போட்டுத் தூக்க வேண்டும், உருளாமல் ஆப்பு வைக்க வேண்டும்.

தெருவுக்கு எவ்வளவு கொண்டுவருவது என்பதே அடுத்த சிக்கல். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் உள்தெருக்களில் ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்தது வரைக்கான பொருளுக்கு மேல் இறக்கக் கூடாது. 30 மீட்டருக்கு 6 மீட்டர் குழாய் 5. படுக்கை மணல்தான் கணக்கில் எப்போதும் குறைகிறது. 60 செ.மீ. அகலக் குழியில், குழாய்க்குக் கீழே 10 செ.மீ., மேலே 30 செ.மீ. என்று மணல் போட்டால் 30 மீட்டருக்குச் சுமார் 10 கனமீட்டர், அதாவது மூன்றரை யூனிட் வேண்டும். இடித்து இறுக்கினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஒன்றரை யூனிட் இறக்கிவிட்டு மீதியைத் தோண்டிய களிமண்ணால் மூடுகிறார்கள். மழையில் களி உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும், குழாய் தன் இடத்தில் நிற்காது. மணலைக் குழியின் ஒரு பக்கம் விரிப்பின் மேலும், தோண்டிய மண்ணை மறு பக்கம் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் தள்ளியும் போட்டால் இரண்டும் கலக்காது, கரையும் சரியாது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். வண்டல் மண் சொல்லிவிட்டுச் சரிவதில்லை.

பொருத்திய குழாயை மூடாமல் இரவு விடக் கூடாது. காலியான 200 மி.மீ. குழாய் தண்ணீரில் மூழ்கினால் மீட்டருக்கு 31 கிலோ அளவுக்கு மேலே தள்ளப்படும், பி.வி.சி. குழாயின் எடையோ மீட்டருக்குச் சில கிலோதான். குழியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இரவில் நின்றால், வாட்டம் பார்த்து வைத்த குழாய் அத்தனையும் காலையில் மிதந்திருக்கும். மூடுவதற்கு முன் ஒரு முனையில் கண்ணாடி, மறு முனையில் விளக்கு வைத்து, குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. குறைந்த பந்தையும் உருட்டிவிட வேண்டும். அரை மணி நேர வேலை.

மேன்ஹோல் மூடிகளில் எல்.டி. 2.5, எம்.டி. 10, எச்.டி. 20, இ.எச்.டி. 35 என்று தரம் பொறித்திருக்கும்; எண், தாங்கும் பாரம் டன்னில். எல்.டி. பேருந்தும் லாரியும் ஓடும் சாலைக்கு ஆகாது. மூடியையும் அதன் சட்டத்தையும் ஜோடியாகவே வைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஏறும்போதெல்லாம் ஆடி உடையும்.

இத்தனைக்கும் கட்டுமானப் பொருள்களை அடுக்கி வைக்க ஐ.எஸ். 4082 என்று ஓர் இந்தியத் தரநிலையே இருக்கிறது. கடைப்பிடிக்காததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. குழாய் களத்துக்கு வந்து சேர்ந்ததுமே பில்லில் பெரும் பங்கைத் தந்துவிடும் ஒப்பந்தங்கள் பல. அதனால் தெரு தோண்ட அனுமதி கிடைக்கும் முன்பே மொத்தக் குழாயும் இறங்கி, மாதக்கணக்கில் வெளுத்துக் கிடக்கிறது. அந்தப் பங்கைக் குறைத்து, குழி மூடும் முன் நடக்கும் சோதனைக்குப் பிறகு மீதியைத் தரலாம். வந்த தேதி, பேட்ச் எண், அடுக்கிய இடம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி, முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தோடு சேர்த்து உதவிப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். நிறம் வெளுத்த குழாய்களை நூல் பிடித்து வளைவு பார்த்து, வளைந்ததைக் களத்திலிருந்தே அப்புறப்படுத்த வேண்டும். இந்த ஆண்டு மழைக்கு முன் தாழ்வான இடங்களில் கிடக்கும் அடுக்குகளையாவது மேட்டுக்கு மாற்றும்படி நகராட்சிகள் உத்தரவிடட்டும்.

இப்படிக்கு,
கட்டுமானக் களப் பொறியாளர்கள் சிலர்,
கும்பகோணம்.