நெற்றியில் ஒட்டுகிற கருவியைப் பற்றி நீ கேட்டது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒட்டிக்கொள்கிற கருவி, மாத்திரை இல்லாமலே மைக்ரேனுக்கு நிவாரணம் என்று போட்டிருக்கிறார்கள். "இது நிஜமா அம்மா, இல்லை ஏமாற்று வேலையா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நிஜம்தான். விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கொஞ்சம், பலருக்கு ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் உன்னை ஒரு முறை முயற்சி செய்து பார்க்கத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் உன் மாத்திரைக் கணக்கு.

போன தடவை பேசும்போது, வாரத்தில் பாதி நாள் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. தலைவலி நிபுணர்கள் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். மைக்ரேன் உள்ள ஒருவர், மைக்ரேனுக்கென்றே இருக்கிற டிரிப்டான் வகை மாத்திரையையோ, இரண்டு மூன்று மருந்துகள் கலந்த வலி மாத்திரையையோ மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் போட்டுக்கொண்டாலும் சரி, சாதாரண பாராசிட்டமால், இபுபுரூஃபன் என்றால் 15 நாள் அல்லது அதற்கு மேல் போட்டுக்கொண்டாலும் சரி, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போனால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்க ஆரம்பித்துவிடலாம். மருந்து மிகையால் வரும் தலைவலி என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. வலி வருகிறது என்று மாத்திரை, மாத்திரையின் வேகம் இறங்கியதும் மறுபடி வலி, மறுபடி மாத்திரை. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நீ அந்த எல்லையைத் தாண்டிவிட்டாயா, விளிம்பில் நிற்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் நீ எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தக் கருவிகளின் அருமை இங்கேதான் இருக்கிறது. வலி வரும்போது மாத்திரையைத் தவிர இன்னொரு வழி கைவசம் இருந்தால், எல்லா வலிக்கும் மாத்திரையை எடுக்கத் தேவையில்லை. மாதத்தில் நாலைந்து மாத்திரை நாள் குறைந்தாலும் எனக்கு அது பெரிய விஷயம்.

தலைவலிக்கு மின்சாரம் என்பது புதிய யோசனை இல்லை. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தீராத தலைவலிக்காரர்களின் தலையில் உயிருள்ள மின்திருக்கை மீனை வைத்து, அந்த இடம் மரத்துப்போகிற வரைக்கும் விட்டுவைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். பாவம், அந்த நோயாளிகளும் மீனும்! இன்றைக்குக் கிடைப்பது அளந்து கொடுக்கிற சின்ன மின்துடிப்பு.

நீ அனுப்பிய நெற்றிக் கருவி செஃபாலி வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கிற எஃப்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு 2014 மார்ச்சில், மைக்ரேன் வராமல் தடுப்பதற்கென்று அதை அனுமதித்தது. பிறகு வலி வந்த நேரத்தில் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தது. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகிற முக்கியமான நரம்பின் ஒரு கிளை இரண்டு புருவத்துக்கும் மேலே, தோலுக்குக் கொஞ்சம் அடியில்தான் ஓடுகிறது. மைக்ரேன் வலிக்கும் அந்த நரம்பின் வலைப்பின்னலுக்கும் நெருங்கிய சம்பந்தம். அந்த இடத்தில் தினமும் துடிப்பு கொடுத்துக்கொண்டே வந்தால் வலியைக் கிளப்புகிற பாதை கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது என்பது கணிப்பு.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பாய். பெல்ஜியத்தில் நடந்து 2013ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 67 பேர், மூன்று மாதம், தினமும் 20 நிமிடம். பாதிப் பேருக்கு நிஜக் கருவி, மீதிப் பேருக்குப் பார்க்க அதே போல இருக்கிற ஆனால் வேலை செய்யாத அளவுக்குத் துடிப்பைக் குறைத்து வைத்த கருவி. நிஜக் கருவி வைத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு மைக்ரேன் நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தன. போலிக் கருவியில் அது 12 சதவீதம். நிஜக் கருவி வைத்தவர்களுக்குச் சராசரியாகப் பார்த்தால் மாதத்துக்கு ஏழு மைக்ரேன் நாளாக இருந்தது ஐந்து நாளாக ஆனது. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் விழுங்கிய வலி மாத்திரையின் அளவு மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்தது. என் கண் நின்றது அந்த வரியில்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை. தவிர, நெற்றியில் சுரீர் என்று பிடித்தால் தனக்கு வந்திருப்பது நிஜக் கருவி என்று ஆளுக்குத் தெரிந்துபோக வாய்ப்பு இருக்கிறது. அதனால் அந்த எண்களை நான் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிப்பேன். நீயும் அப்படியே படி.

நானே இதைப் பயன்படுத்துகிறவள் என்பதால் அனுபவத்தையும் சொல்கிறேன். முகத்தை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையோ க்ரீமோ இருந்தால் பசைப்பட்டை பாதியில் தூக்கிக்கொள்ளும், தூக்கிக்கொண்ட ஓரத்தில் ஊசி குத்துகிற மாதிரி சுள்ளென்று இருக்கும். பட்டையை ஒட்டியதும் கருவி காந்தத்தால் டக்கென்று அதில் உட்கார்ந்துகொள்ளும். முதலில் லேசாகக் குறுகுறு என்று இருக்கும், அப்புறம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். ஒரு கட்டத்தில் நெற்றியை யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி ஆகிவிடும். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றுவது அந்த நிமிடத்தில்தான். பிடுங்காதே. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் துடிப்பு அந்த அளவிலேயே நின்றுவிடும், மேலே ஏறாது. அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மரத்து, ஒரு தூக்கக் கலக்கம் வரும். அதனால் நான் ராத்திரி படுக்கப் போகும் முன் போட்டுக்கொள்கிறேன். கார் ஓட்டும்போது போடவே கூடாது. எடுத்த பிறகு நெற்றியில் சிவப்பாக ஒரு தடம் இருக்கும், போய்விடும். அரிப்போ கொப்புளமோ வந்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிடு.

எனக்கு மைக்ரேன் நின்றுவிட்டதா என்றால் இல்லை. முன்னைவிட இடைவெளி விட்டு வருகிறது, மாத்திரை டப்பா மெதுவாகக் காலியாகிறது. எனக்கு அது போதும்.

ஆனால் உனக்கு நெற்றிக் கருவியைவிடக் கைப்பட்டை வகை சரியாக வரும் என்று நினைக்கிறேன். நெரிவியோ என்று பெயர், எஃப்.டி.ஏ. 2019ல் அனுமதித்தது. தலைவலிக்குக் கையில் கட்டுவதா என்று சிரிக்காதே. உடம்பில் ஓர் இடத்தில் பலமான உணர்ச்சி ஏற்பட்டால், மூளைத்தண்டிலிருந்து வலியை அடக்கும் சமிக்ஞை கீழே இறங்கி, மற்ற இடத்து வலியையும் மட்டுப்படுத்துகிறது. அந்த இயல்பான ஏற்பாட்டைத்தான் இந்தக் கருவி தட்டி எழுப்புகிறது. மேல் கையில் கட்டி, போனில் உள்ள ஆப்பிலிருந்து 45 நிமிடம் ஓடவிட வேண்டும். நன்றாக உறைக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது, அந்த அளவில் துடிப்பை வைத்துக்கொள்வதுதான் சூட்சுமம். ரொம்பக் குறைத்து வைத்துக்கொண்டு பலனில்லை என்று சொல்லக் கூடாது. 252 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு மணி நேரத்தில் வலி குறைந்தவர்கள் நிஜக் கருவியில் 67 சதவீதம், போலியில் 39 சதவீதம். வலி ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள் கட்டிவிட வேண்டும் என்பது முக்கியம். நீ மீட்டிங் முடியட்டும், இந்த மெயில் அனுப்பிவிடுகிறேன் என்று தள்ளிப்போடுகிற ஆள். சட்டைக் கைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம் என்பதால்தான் இது உனக்குத் தோது என்கிறேன்.

இன்னும் இரண்டு வகை உண்டு. காமாகோர் என்பதைக் கழுத்தில் நாடி துடிக்கிற இடத்தில் ஜெல் தடவி இரண்டு நிமிடம் வைத்துக்கொள்ள வேண்டும், மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்குகிற வேகஸ் நரம்பை அது தூண்டும். சரியான இடத்தில் வைத்தால் கீழ் உதட்டின் ஓரம் கீழே இழுக்கும், அதுதான் அடையாளம். ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் கடுமையாக வருகிற கொத்துத் தலைவலிக்கு 2017லும் மைக்ரேன் வலிக்கு 2018லும் அனுமதி வாங்கியது. மற்றது, பின்னந்தலையில் வைத்து அழுத்தினால் ஒரே ஒரு காந்தத் துடிப்பு கொடுக்கும் கருவி. தலைவலிக்கு முன்னால் கண்ணில் கோணல்மாணலாக மின்னல் கோடு ஓடுமே, அந்த வகைக்காரர்களுக்காக வந்தது. மூளையின் மேல்பரப்பில் அலை மாதிரி ஒரு மந்தம் பரவுவதை 1944ல் லியாவ் என்ற பிரேசில் விஞ்ஞானி விவரித்தார். கண்ணில் தெரிகிற அந்தக் கோட்டுக்கு அந்த அலைதான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். காந்தத் துடிப்பு அந்த அலையைக் குலைக்கப் பார்க்கிறது. 2010ல் வந்த ஆய்வில் இரண்டு மணி நேரத்தில் வலியே இல்லாமல் போனவர்கள் 39 சதவீதம், போலியில் 22. உனக்குக் கண்ணில் கோடு வருவதில்லை, அதனால் இதை விட்டுவிடலாம்.

தலையைப் பிடித்துவிடுகிற ஹெல்மெட், நெற்றிக்கு அதிர்வு கொடுக்கிற பட்டை என்று வேறு சாமான்களும் அதே விளம்பரங்களுக்கு நடுவில் வரும். அவற்றை இவற்றோடு சேர்த்து எண்ணாதே. ஐஸ் பொட்டலம் வைத்தால் இதமாக இருக்கிறதா, வைத்துக்கொள். இருட்டறை உதவுகிறதா, படுத்துக்கொள். அதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம்.

யாருக்கு இந்தக் கருவிகள் ஆகாது என்பதையும் தெரிந்துகொள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், உடம்பில் மின்னணுக் கருவி பொருத்தியவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் காந்தக் கருவி ஆகாது. கர்ப்பமாக இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும்.

கருவி வாங்குகிறாயோ இல்லையோ, இன்றைக்கே ஒரு நோட்டுப் போடு. எந்த நாள் வலி வந்தது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, பத்துக்கு எவ்வளவு, என்ன மாத்திரை, மாதவிடாய் நாளா, தூக்கம் எப்படி. இவ்வளவு போதும். முன்பு எத்தனை நாள் என்று தெரியாமல் கருவி வாங்கினால், பலன் தெரிந்ததா இல்லையா என்று உன்னாலேயே சொல்ல முடியாது. நல்ல மாதம் தானாகவும் வரும், அதைக் கருவியின் கணக்கில் எழுதிவிடுவோம். வாங்கினால், திருப்பிக் கொடுக்க அவகாசம் தருகிறார்களா என்று பார்த்து வாங்கு. பசைப்பட்டையோ கைப்பட்டையோ அடிக்கடி புதிதாக வாங்க வேண்டுமா என்றும் கேள். கருவியின் விலை ஒரு தடவை, அந்தச் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். தடுப்புக்கு என்றால் மூன்று மாதம் விடாமல் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து நாளில் முடிவு கட்டாதே. மூன்று மாதம் ஆகியும் நோட்டில் மாற்றம் தெரியவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடு.

மாத்திரையை நீயாகத் திடீரென்று நிறுத்தாதே. நிறுத்திய முதல் சில நாள் வலி முன்னைவிடக் கூடத்தான் செய்யும், எதை எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், இதுவரை வராத மாதிரி இடி விழுந்ததுபோல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகும் வலி, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் கருவியும் வேண்டாம், நோட்டும் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்குப் போ.

இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு. போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. பேர் மட்டும் சொன்னால் போதாது, எத்தனை மில்லிகிராம், என்னென்ன கலந்தது என்று அவர் பார்க்கட்டும். அவர் சொன்னதை எனக்கு எழுது. எந்தக் கருவி வாங்குவது என்பதை அதற்குப் பிறகு சேர்ந்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அம்மா